கசந்த பூசணிப் பிஞ்சு

முப்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நூறு பேருக்கு ஆக்கிப்போட்டவள், மகன் வீட்டில் ஒருநாள் கேஸை மூட மறந்தாள். அன்றோடு அவளுக்கு அடுப்படி கிடையாது. கொல்லையில் காய்த்த பூசணிப் பிஞ்சை மருமகள் நறுக்கும்போது, பழக்கதோஷத்தில் ஒரு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்த மாமியார் உடனே துப்பினாள்.

"கசக்குது. வேகவச்சாலும் போகாது, வயித்தக் கெடுத்துடும். தூக்கிப் போடு."

"அம்மாவுக்கு நாக்கு செத்துப்போச்சு. நீ காரம் தூக்கலாப் போட்டுச் செய்," என்றான் மகன்.

சாயங்காலத்துக்குள் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வாந்தி பேதி. வாளியும் துணியுமாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம், வயிற்றைப் பிடித்தபடி மகன் முனகினான்.

"உனக்குத் தெரியாததா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"