ஆண்டை எழுந்திருக்கும் வரைக்கும்

நான் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் வாட்ச்மேனுக்கென்று வைத்திருக்கும் தண்ணீர்ப் பானையைச் சுற்றிய ஈரச் சாக்கின் வாசனை மூக்கில் ஏறினால் போதும், தொழிற்சாலைகள் வருவதற்கு முன் இதே கும்மிடிப்பூண்டி மண்ணில் கிடந்த முள்ளுக்காடும், எங்கள் ஆட்கள் அங்கே காட்டுப்பன்றி அடித்த சித்திரை வெயிலும் எனக்குத் திரும்பி வந்துவிடும்.

அடித்த பன்றியை முழுசாகத் தூக்கிப்போய் நிலத்துக்காரரின் களத்தில் போட வேண்டும். ஆண்டை என்று நாங்கள் அழைத்த அவர் பார்த்துத் தொடையை எடுத்துக்கொண்ட பிறகுதான் கத்தி வைக்கலாம். ஒரு வருஷம் அவருடைய பகல் தூக்கம் கலைவதற்குள் பன்றியின் வயிறு ஊதி நாறிவிட, அவ்வளவு கறியையும் குழிதோண்டிப் புதைத்துவிட்டுப் பட்டினியாகப் படுத்தோம்.

அடுத்த பன்றி விழுந்ததும் அம்மா யாரையும் கேட்கவில்லை. விழுந்த இடத்திலேயே வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்து, ஏரித் தண்ணீர் பட்டால் கறி சீக்கிரம் கெடும் என்று இலையாலேயே துடைத்து, விலாவைக் குச்சியால் விரித்து, புளியமர நிழலில் காற்றாடத் தொங்கவிட்டு, சுற்றிலும் ஈரச் சாக்குகளைத் திரைபோலக் கட்டினாள். சாக்கு காயக் காய நானும் அக்காவும் தண்ணீர் தெளித்தோம்.

ஆண்டையின் ஆள் ஓடிவந்தான். "இன்னாடி பண்ணிக்கினு கீற? ஆண்டை இன்னும் பாக்கலியே!"

"அவுரு எழுந்திருக்கிற வரிக்கும் கறி காத்துக்கினு இருக்குமா? பாக்கணும்னா இங்க வரச் சொல்லு."

குடை பிடித்துக்கொண்டு அவரே வந்தார். அம்மா கூறு போட்டு முடித்திருந்தாள். அவருக்கும் ஒரு கூறு இருந்தது. எங்கள் கூறு அளவுதான்.