எச்சில் தொட்டு ஒட்டிய முத்திரை

அந்தக் கடைக்காரர் அதை ஏன் என் கண்முன்னாலேயே செய்தார்? மறைவாகச் செய்திருக்கலாம். உள்ளே போய் ஒட்டி எடுத்து வந்து கொடுத்திருந்தால், நானும் நிம்மதியாக வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்பேன். என்னை ஏமாற்ற வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருக்கிறது. கணவருக்குத் திருவேங்கடத்தில் வேலை. தினமும் அவ்வளவு தூரம் போய்வரப் பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று மின்சாரக் கார் வாங்கினோம். காரோடு ஒரு சார்ஜர் கேபிளும் வந்தது. ஒரு முனையில் சுவரில் செருகும் தடித்த பிளக், நடுவில் ஒரு பெட்டி, மறுமுனையில் காரில் மாட்டும் துப்பாக்கி மாதிரியான பிடி. கார் ஷெட்டில் அதற்கென்றே தனி லைன் இழுத்து, எர்த் போட்டு, பெரிய சாக்கெட் வைத்தோம். இதெல்லாம் நான் நச்சரித்து நடந்தது. சாரல் காலத்தில் என் மகள் விளையாடும் இடமும் அந்த ஷெட்தான். அவளுக்கு இன்னும் நான்கு வயது ஆகவில்லை. தொங்குகிற எதையும் பிடித்து இழுத்துப் பார்க்கிற வயது.

ஒருநாள் காலை ஷெட்டில் ஒரு வாடை அடித்தது. சுருட்டி மூலையில் வைத்திருந்த கேபிளை எடுத்தேன். எலி கடித்திருந்தது. கறுப்பு மேல்தோல் உரிந்து உள்ளிருந்த ஒயர்கள் பச்சையும் நீலமுமாகத் தெரிந்தன. சுருளுக்கு நடுவே எலிப்புழுக்கை. கேபிளின் மேல் ஏதோ ஈரம், பிசுபிசுப்பு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். அப்புறமும் அந்தக் கையால் பிள்ளைக்குச் சோறு ஊட்ட மனம் வரவில்லை, ஸ்பூன் எடுத்துக்கொண்டேன்.

கணவர் கறுப்பு டேப்பை எடுத்து வந்து கடித்த இடத்தில் சுற்ற ஆரம்பித்தார். வேண்டாம் என்றேன். அங்கே வந்த என் மாமனார், கணவரைப் பார்த்துச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார்.

"நம்ம கெணத்து மோட்டார் ஒயர்ல டேப்பு சுத்தாத எடம் எங்கன இருக்குன்னு காட்டச் சொல்லுலே பாப்போம். இன்னைக்கும் தண்ணி எடுக்குது."

அது பொய்யில்லை. எங்கள் பக்கத்து வயல்வீடுகளில் கேபிளைத் தூக்கிப் போடும் வழக்கமே கிடையாது. அறுந்தால் முடிச்சு, உரிந்தால் டேப்பு, அதன் மேல் மழை படாமல் ஒரு பிளாஸ்டிக் பை. அப்படி ஒட்டுப்போட்டே தலைமுறை கடந்த ஒயர்கள் உண்டு. ஆனால் மோட்டார் அறைக்குள் மூன்று வயதுப் பிள்ளை பொம்மை வைத்து விளையாடுவதில்லை. இதை நான் சொல்லவில்லை, மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். மாமாவிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. காரோடு வந்த கையேட்டை மட்டும் கணவரிடம் விரித்துக் காட்டினேன். சேதமான கேபிளை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருந்தது. அவர் படித்துவிட்டு, சரி, புதுசு வாங்கிக்கோ என்றார்.

கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டால், வரவழைக்க நாளாகும் என்றார்கள். அதுவரை வழியில் இருக்கும் பொது சார்ஜரில் கணவர் காத்துக் கிடக்க வேண்டும். தென்காசியில் ஒரு கடையில் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன்.

கடையில் கேபிள்கள் மாலை மாலையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் தரமுத்திரை பளபளத்தது. கடைக்காரர் எடுத்துப் போட்ட கேபிளில் மட்டும் இல்லை. கேபிளின் உடம்பில் எழுத்தே இல்லை; எவ்வளவு ஆம்பியர் தாங்கும், யார் செய்தது, ஒன்றும் இல்லை. அண்ணாச்சி, இதில் முத்திரை இல்லையே என்று கேட்டேன்.

"அதுக்கென்ன தங்கச்சி," என்று மேசை இழுப்பறையைத் திறந்தார். "எந்த முத்திரை வேணும்?"

இழுப்பறைக்குள் ஸ்டிக்கர் சுருள்கள் இருந்தன. நம் நாட்டு முத்திரை, வெளிநாட்டு முத்திரை, கோடுகோடாகக் கறுப்புப் பட்டை. அவர் வெற்றிலை போட்ட வாயில் விரலைத் தொட்டு ஒன்றை உரித்தார். கேபிளின் நடுவிலிருந்த பெட்டியின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். ஸ்டிக்கரின் ஓரத்தில் எச்சில் சிவப்பாகக் கசிந்தது. அதை வேட்டியில் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

இது ஏமாற்று இல்லையா என்று கேட்டேன்.

"எல்லாச் சரக்கும் ஒரே எடத்துலேருந்துதான் வருது. கேக்குதவங்களுக்கு ஒட்டிக் குடுக்குதோம். கேக்காதவங்க அப்படியே கொண்டு போறாங்க. இதுவரைக்கும் யாரு வீடு எரிஞ்சிருக்கு, சொல்லுங்க?"

பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். "தங்கச்சி டீச்சரா இருப்பாங்க அண்ணாச்சி" என்றார். நான் டீச்சர் இல்லை. கேபிளை மேசையிலேயே வைத்துவிட்டேன். வெளியே வரும்போது நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை மாலைகளிலும் அத்தனை முத்திரைகள். ஒவ்வொன்றும் அந்த விரலில் தொட்டு ஒட்டியதாகவே இருக்கும் என்று நினைத்தபோது, பஸ் ஏறும்வரை வாயில் ஊறிய எச்சிலை என்னால் விழுங்க முடியவில்லை.

கணவரிடம் சொன்னேன். அவர், ஊர் அப்படித்தான் என்றார். ஊர் அப்படித்தான் என்பதைக் கேட்டதும் கடைக்காரர்மேல் வந்ததைவிட அதிகமான அருவருப்பு வந்தது. கம்பெனியிடமே கேட்டு வரவழைத்தோம். அதுவரை அவர் பொது சார்ஜரில் வரிசையில் நின்றார். நான் பெரிது பண்ணுகிறேனோ என்று ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து யோசித்தேன்.

புதுக் கேபிள் வந்தது. அதன் உடம்பிலேயே எல்லாம் அச்சடித்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், உரியவில்லை. எலி ஏறாதபடி சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்தோம். இனி பயமில்லை என்று நினைத்தேன்.

அதற்குள் சீசன் வந்துவிட்டது. அருவியில் தண்ணீர் விழுகிறது என்றால் எங்கள் வீட்டில் ஆள் விழுகிறது என்று அர்த்தம். கணவரின் அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலம் போய், குளித்து, நனைந்த துணியோடு மத்தியானம் திரும்பினார்கள். கார் சார்ஜில் நின்றது. நான் அடுப்படியில் இருந்தேன்.

சாரலில் வெளியே எதுவும் காயாது. கூரைக்கு அடியில், சாக்கெட்டுக்கும் காருக்கும் நடுவில், இடுப்புக்குச் சற்று மேலே ஒரு கறுப்புக் கயிறு. வந்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? துண்டு, லுங்கி, பாவாடை, பிள்ளைகளின் சட்டை எல்லாவற்றையும் பிழியாமல்கூட அதன் மேல் போட்டுவிட்டார்கள்.

பிளாஸ்டிக் கருகும் வாடை வந்துதான் ஓடினேன். கேபிள் தரை தொடுமளவு தொங்கிக் கிடந்தது. பாரம் தாங்காமல் பிளக் சாக்கெட்டிலிருந்து பாதி வெளியே சாய்ந்திருந்தது. துணிகளிலிருந்து எண்ணெய்த் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தரையெல்லாம் வழவழவென்று தேங்கியிருந்தது. சிக்குப் பிடித்த நல்லெண்ணெய் வாடையும் கருகல் வாடையும் ஒன்றாகக் கலந்து அடித்தன. அந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றுகொண்டு என் மகள் ஒரு துண்டின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

மெயினை அணைத்துவிட்டு அவளைத் தூக்கினேன். கொஞ்சம் பொறுத்து பிளக்கைத் தொட்டேன், அப்போதும் கையில் பிடிக்க முடியாத சூடு. நான் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போடுவதைப் பார்த்து மதினி வந்தார்கள்.

"ஒரு துண்டு காயப் போட்டதுக்கா ஏட்டி இந்தப் பாடு? கொடின்னு நெனச்சுட்டோம். கரண்டுன்னு ஒரு போர்டு எழுதி மாட்டப்பிடாதா?"

"எழுதி மாட்டுதேன் மதினி" என்றேன். உள்ளே போய்ப் பிள்ளையின் காலைக் கழுவினேன். எண்ணெய் லேசில் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க எனக்கு அழுகை வந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கேபிளில் துணி காயப்போட்ட கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார்.

இப்போது பிளக்கின் ஒரு பின் பழுப்பேறி இருக்கிறது. கணவர் அதை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, அழுக்குதான், ஒன்றுமில்லை என்கிறார். சாக்கெட்டை மட்டும் மாற்றினோம். கம்பெனியில் கேட்டால் கேபிளை அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள். அனுப்பினால் திரும்பி வரும்வரை அவர் மறுபடியும் பொது சார்ஜரில் வரிசையில் நிற்க வேண்டும். அனுப்பாமல் வைத்திருந்தால் மகள் ஷெட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நான் பின்னாலேயே போக வேண்டியிருக்கிறது. உண்மையான முத்திரை உள்ள கேபிள்தான். ஆனால் ஈரத்துணிப் பாரத்தில் சூடேறிய பிறகும் அந்த முத்திரைக்கு மதிப்பு உண்டா?

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். பின் பழுப்பேறிய கேபிளைத் திரும்பப் பயன்படுத்தலாமா, அல்லது வேறு யோசனையே இல்லாமல் தூக்கிப் போட வேண்டியதுதானா? தென்காசிப் பக்கத்தில் அதைப் பரிசோதித்துச் சொல்ல யாராவது இருக்கிறார்களா? தூக்கித்தான் போட வேண்டும் என்றால், பெரியவர்கள் மனம் கோணாமல் அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும்வரை அவர் பொது சார்ஜரிலேயே நிற்கட்டும் என்று, கேபிளைக் கழற்றி என் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டேன்.