அண்ணி அறியாத வரன்

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் என் அண்ணிக்குக் கிடைக்கவிருந்த கணவனையும், தாயில்லாத ஒரு சிறுமிக்குக் கிடைக்கவிருந்த தாயையும் இல்லாமல் ஆக்கினேன். இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

என் அண்ணன் ஜெயசீலன் சந்திரகிரிக்கு அருகே பஸ் கவிழ்ந்து இறந்தபோது அவனுக்கு முப்பத்தொரு வயது. அண்ணி கிரேசுக்கு இருபத்தாறு. குழந்தை இல்லை. சித்தூரில் எங்கள் வீட்டிலேயே, நைனாவோடும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னோடும் தங்கிவிட்டாள்.

ஓராண்டு அவளும் நானும் ஒன்றாகவே அழுதோம். அந்த நாட்களில் அவளை நான் நேசித்தேன்... உண்மையாகவே நேசித்தேன்!

பிறகு அவள் எழுந்துவிட்டாள்.

எப்படி என்று கேட்காதே. விடியலில் வேதாகமத்தோடு உட்காருவாள். மெல்ல மெல்ல முகம் தெளிந்தது. கோயிலில் சிறு பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கத் தொடங்கினாள். ஒருநாள் தெருக்குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியோடு தெலுங்கில் ஏதோ பேசிச் சிரித்தாள். குடத்தோடு நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நானும் அதே வேதாகமத்தைத்தான் வாசித்தேன். அதே பெஞ்சில்தான் முழங்காலிட்டேன். எனக்கு ஏன் ஒன்றும் வரவில்லை? இரத்த உறவு நான் அல்லவா? ஆறுதலை அவளுக்கு மட்டும் அள்ளிக் கொடுத்த ஆண்டவர் மீதே எனக்குக் கோபம்; அவள் மீது பொறாமை! பெண்கள் கூட்டத்தில் அவள் எழுந்து, “குழியில கெடந்தேன், தூக்கி நிறுத்துனாரு” என்று சாட்சி சொன்னபோது எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பால்ராஜ் வந்தார். திருப்பதியில் பள்ளி ஆசிரியர், மனைவியை இழந்தவர். சபைக் கூட்டங்களுக்காகச் சித்தூர் வரும்போதெல்லாம் மகளை அண்ணியின் வகுப்பில் விடுவார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் என்னைத் தனியே அழைத்தார்.

“எஸ்தரம்மா, உங்க அண்ணிகிட்ட நேரா கேக்கறது மரியாதையில்ல. அவங்க மனசு எப்படின்னு நீங்கதான் சொல்லணும். சரின்னா உங்க நைனாகிட்ட வந்து பேசறேன்.”

அவருடைய விரலைப் பிடித்தபடி அந்தச் சிறுமி நின்றிருந்தாள்.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை நான்.

“எங்க அண்ணன நெனச்சிக்கினுதான் அவங்க உசுரோட இருக்காங்க, சார். இந்தப் பேச்ச எடுத்தா செத்துடுவாங்க. தயவுசெஞ்சி இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.”

அவர் முகம் சுருங்கியது. “மன்னிச்சிடுங்கம்மா” என்றார். மன்னிப்பு... அவர் என்னிடம் கேட்டார்!

அவர் மீது எனக்கு ஆசையா? இல்லை. இருந்திருந்தால் அதையாவது சாக்காகச் சொல்லியிருப்பேன். அவளுக்கு இன்னொரு கணவன் கிடைத்துவிடுவான். எனக்கு இன்னொரு அண்ணன் எங்கிருந்து கிடைப்பான்? அவ்வளவுதான் என் கணக்கு. அவள் என்னோடு அழுதுகொண்டே இருக்கவேண்டும் என்று விரும்பினேன்.

அடுத்த சில ஞாயிறுகளில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே அண்ணி வாசலை வாசலைப் பார்த்தாள். நானும் அதைப் பார்த்தேன்.

பிறகு அவள் ஆசிரியப் பயிற்சி முடித்தாள். திருப்பதியில் ஏழைப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியொன்றைப் பொறுப்பேற்றாள். நான் கல்யாணமாகிப் பாலசமுத்திரம் போனேன். பல ஆண்டுகள் கழித்து, ஒரு பிற்பகல் அவளைப் பார்க்க விடுதிக்குப் போயிருந்தேன். இருவரும் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். தலை நிமிராமலே சொன்னாள்:

“பால்ராஜ் சாருன்னு ஒருத்தரு வருவாரே, ஞாபகமிருக்கா எஸ்தரு? அவரு என்னக் கேப்பாருன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொன்னதில்ல.”

என் கை நின்றது.

“உமக்குச் சித்தம்னா அவரே வந்து கேக்கட்டும்னு ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன். வரல. கர்த்தரு வேணாம்னுட்டாருன்னு எடுத்துக்கினேன். அன்னைக்கி நல்லா அழுதேன். ஆனா பாரு, அது நடந்திருந்தா இந்தப் பொண்ணுங்க எனக்கு ஏது?”

கர்த்தர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அண்ணி... நான் சொன்னேன்!

வார்த்தை தொண்டைவரை வந்தது. அதற்குள் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் “அம்மா! அம்மா!” என்று அவளை மொய்த்துக்கொண்டார்கள். அவள் எழுந்து போனாள். அந்த நிமிடத்தில் எனக்குள் எழுந்தது என்ன தெரியுமா? வெட்கம் அல்ல. பொறாமை! நான் செய்த கேட்டைக்கூட விதையாக்கி முளைக்கவைத்துவிட்டாளே என்ற பொறாமை!

சொன்னால் அவள் விசுவாசம் உடைந்துபோகும், அதனால்தான் சொல்லவில்லை என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். அவள் விசுவாசம் உடையாது. என்னை மன்னித்தும் விடுவாள். அந்த மன்னிப்பிலும் அவளே என்னைவிட உயர்ந்து நிற்பாள்... அதைத்தான் என்னால் தாங்கமுடியாது.

இப்போதும் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவளைப் பார்க்கப் போகிறேன். கிளம்பும்போது என் தலையில் கைவைத்து ஜெபிக்கிறாள்: “எங்க வீட்டுக்காரரு போன பிறகும் என்ன உறவா வெச்சிக்கினவ இவ, ஆண்டவரே. இவளுக்கு ஒரு குறையும் வெக்காதீங்க.”

ஆமென் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறுகிறேன்.