காப்பியை ஊதிக் குடித்தவர்

எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் ஊரான சிலிம் ரிவரின் காப்பிக்கடையில் எங்கள் சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்தேன். மரியாதையாக 'வைபி' என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பருத்த கழுத்து, கஞ்சி போட்ட, பூ வேலைப்பாடுள்ள பாத்தேக் சட்டை. காப்பியைத் தட்டில் ஊற்றி ஊதிக் குடிப்பார். யார் எது கேட்டாலும் முதலில் ஊதுவார். அப்போது அவர் கண் எதிர் மேசைக்குப் போகும். அங்கே எண்ணெய்க்கான செம்பனைக் கன்று விற்கும் சீன முதலாளி, தவுக்கே, உட்கார்ந்திருப்பார்.

என் மூன்று ஏக்கர் ரப்பர் மரங்களில் பால் வற்றிவிட்டது. மறுபடியும் ரப்பரே நட ஆசை. மானியம் இல்லாமல் முடியாது. அந்த வாரம்தான் மறுநடவு மானியம் செம்பனைக்கு மட்டும் என்று சட்டமன்றத்தில் முடிவாகியிருந்தது. கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"வைபி, நீங்களுமா கை தூக்குனீங்க?"

ஊதினார். "தூக்குனேன் அண்ணே. ரப்பர் போட்டா ஏழு வருஷம் பசியோட உக்காரணும் லா. உங்களுக்காகத்தான் தூக்குனேன்."

"கன்னு எங்க வாங்குறது?"

"இந்த ஊர்ல தவுக்கேகிட்ட மட்டுந்தானே இருக்கு!"

மலிவாகத் தருவதாகத் தவுக்கே மலாய் மொழியில் சொல்லிச் சிரித்தார்.

செம்பனையே நட்டேன். நன்றாகத்தான் காய்க்கிறது, குடும்பமும் அதில்தான் நடக்கிறது. ஆனாலும் குலை வெட்டும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வரும். "உங்களுக்காகத்தான்" என்று சொன்னபோது அவர் கண் என் மேல் இல்லை, எதிர் மேசையில் இருந்தது.