முட்டை வடிவ நட்சத்திரங்கள்

நேரில் பார்க்காத எதன் கீழும் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்திடக் கூடாது. இது அலுவலக நடைமுறை விதி. என் பணிக்காலம் முழுவதும் இந்த ஒரு வரியைக் காட்டி எத்தனையோ பேருடைய கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, பெங்களூர் மர்பி டவுனில் ஒரு மொட்டை மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை நானே மீறினேன். பாதிக்கப்பட்டவர் என் சகலை.

சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர், நில அளவைத் துறையில் இருந்தவர். ஆனேக்கல் பக்கத்து வரப்புத் தகராறுகளில் பாதியை அளந்து தீர்த்தவர். மீதிப் பாதி அவர் அளந்ததால் வந்தது என்பது என் கருத்து. ஓய்வுக்குப் பிறகு ஒரு தொலைநோக்கியும் கேமராவும் வாங்கி, நெபுலா எனப்படும் விண்வெளி வாயு மேகங்களைப் படம் எடுக்க ஆரம்பித்தார். அதில் இருக்கும் சிக்கல் எனக்கு உடனே பிடித்துப்போனது. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். தொலைநோக்கியைத் தாங்கும் மோட்டார் வைத்த பீடம், அதே வேகத்தில் அவற்றைத் தொடர்ந்து திரும்ப வேண்டும். அதன் பற்சக்கரங்களை அப்படியே நம்ப முடியாது என்பதால், பெரிய தொலைநோக்கியின் முதுகில் சின்னதாக இன்னொன்றைக் கட்டுகிறார்கள். அது ஒரே ஒரு நட்சத்திரத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். நட்சத்திரம் இம்மி விலகினாலும் மடிக்கணினி பீடத்துக்கு உத்தரவு போடும். மேற்பார்வையாளருக்கு மேல் ஒரு மேற்பார்வையாளர். நான் வாழ்ந்த உலகம்தான்.

எனவே அந்த மடிக்கணினி என் பொறுப்புக்கு வந்தது. பெங்களூரில் துருவ நட்சத்திரம் மிகவும் தாழ்வாக இருக்கும். எங்களுக்கு அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிரந்தர விடுப்பில் இருந்தது. அதைப் பார்க்காமலே, தெற்கு வானத்து நட்சத்திரம் ஒன்று எந்தப் பக்கம் நழுவுகிறது என்று கவனித்துக் கவனித்துச் சகலை பீடத்தை நேராக்கினார். நானோ ஒவ்வொரு விலகலுக்கும் அரை நொடிக்குள் முழுத் திருத்தம் போகும்படி அமைத்துவிட்டு, நிர்வாகத் திறமை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரையில் விலகலைக் காட்டும் வரைகோடு பேயாட்டம் ஆடியது.

"சொல்ப பொறுங்க சகல," என்றார் அவர், பாதிக் கன்னடத்தில். "ஆடறது நட்சத்திரம் இல்ல, நடுவுல இருக்கற காத்து. அதுக்கெல்லாம் மெமோ குடுத்தா பீடம் என்ன பண்ணும்?"

ஒவ்வொரு முறையும் மூன்று நொடி பார்த்துவிட்டு, விலகலில் பாதிக்கும் சற்று மேலாக மட்டும் கணினி திருத்தும்படி மாற்றினார். கோடு அடங்கியது. அவசரப்பட்டுப் பதில் போடாத அதிகாரிகள் ஒருவேளை சோம்பேறிகள் இல்லையோ என்று முதன்முறையாகச் சந்தேகப்பட்டேன்.

அந்த வாரம் ஓரியன் நெபுலாவை ஐந்து ஐந்து நிமிடமாகப் படம் எடுத்தோம். அவர் திரையருகே குனிந்து, நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நட்சத்திரமெல்லாம் வட்டமாத்தானே இருக்கு? எனக்கு முட்டையாட்டம் தெரியுது."

நான் வரைகோட்டைப் பார்த்தேன். அது தட்டையாக, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. படத்தைப் பார்க்கவில்லை. "வட்டம்தான் அண்ணா. சந்தேகமே வேண்டாம்," என்றேன்.

அவர் எல்லாவற்றையும் அணைத்து உறை போட்டு மூடினார். அதன்பின் மாடிக்கு அழைக்கவில்லை. மூன்றாவது வாரம் மனைவியின் அக்கா தொலைபேசியில் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. விழித்திரையின் நடுவில் கோளாறு வரலாம், நேர்கோடு வளைந்து தெரிந்தால் உடனே வரவேண்டும் என்று மருத்துவர் அவரை முன்பே எச்சரித்து, கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்திருந்தாராம்.

"ஃபிரிட்ஜ் மேல அதை ஒட்டிட்டு நாள் முழுக்க அதையே பாத்துட்டு நிக்கறாரு. கண்ணு போயிடுச்சுன்னு அவரே தீர்மானம் பண்ணிட்டாரு. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேங்கறாரு. மாடியில என்ன நடந்துச்சு?"

மாடியில் நடந்தது என் கையெழுத்து. அன்று மாலையே படங்களைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நட்சத்திரங்கள் முட்டைகள்தாம்; அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்த முட்டைகள். வரைகோடு ஒழுங்காக இருக்க, படம் மட்டும் எப்படிக் கெட்டது என்ற கேள்வி இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய், அவர் இல்லாத நேரத்தில் உறையைப் பிரித்துச் சின்னத் தொலைநோக்கியை விரலால் அழுத்தினேன். அசைந்தது. அதைப் பிடித்திருந்த மூன்று திருகாணிகளில் ஒன்று பிளாஸ்டிக். பீடம் திரும்பத் திரும்பச் சின்னது தன் எடையில் மெல்லத் தொய்ந்திருக்கிறது. அது தன் நட்சத்திரத்தைத் துல்லியமாகவே பிடித்துவைத்திருந்தது. அந்தத் துல்லியத்துக்காகப் பெரியதைத்தான் இழுத்து விலக்கியிருக்கிறது. எந்த அறிக்கையிலும் குறை தெரியாது. இப்படி இயங்கிய துறைகளை எனக்குத் தெரியும்.

இரண்டு தெரு தள்ளி இருப்பவரிடம் முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. கடிதமாக எழுதினேன்: படத்தைப் பார்க்காமல் சொன்னேன், தவறு என்னுடையது, இணைப்பு ஒன்று: திருகாணி பற்றிய குறிப்பு. தபாலில் போட்டேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பும் நடைமுறை எனக்குத் தெரியும், கை வரவில்லை.

பிறகு, பதில் தபாலிலேயே வந்தது. 'சகலைக்கு. உங்கள் கடிதத்தை நான் நம்பவில்லை. உங்களை நம்பித்தான் கெட்டேன். படத்தை அச்சிட்டு நேராக வைத்துப் பார்த்தேன், பிறகு கால் வட்டம் திருப்பிப் பார்த்தேன். முட்டைகளும் காகிதத்தோடு திரும்பின. ஆகவே அவை காகிதத்தில் இருக்கின்றன. கட்டம் போட்ட தாளையும் திருப்பினேன். அதில் ஒரு சின்ன வளைவு திரும்பவில்லை. அது என் கண்ணில் இருக்கிறது. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேரத்தோடு வந்தீர்கள், ஊசி போட்டால் நிற்கும் என்றார்கள். பிழை கருவியிலா, வேறெங்காவதா என்று திருப்பிவைத்துப் பார்ப்பது அளவைக்காரன் முதல் நாள் கற்கும் பாடம். நீங்கள் வட்டம் என்றதால் அதைச் செய்யாமல் விட்டேன். திருகாணி மாற்றியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வாருங்கள். படத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.'

இரண்டு முறை படித்தேன். பழக்கதோஷம், மேல் மூலையில் 'பெறப்பட்டது' என்று எழுதி, சுருக்கொப்பமிட்டு, தேதியும் போட்டேன்: மார்ச் ஒன்பது.