சுத்துறவன்

காற்றில் முறிந்து கிடந்த சைப்ரஸ் கிளையை அப்பா விறகுக்கு இழுத்து வந்தார். தேயிலைத் தோட்ட நிர்வாகம், நின்ற மரத்தையே அவர் வெட்டித் திருடியதாகப் பொலிசில் முறைப்பாடு செய்தது.

"ஒத்துக்கிட்டா தண்டம் கட்டிட்டு அன்னைக்கே வந்துரலாம்," என்றார் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா. நாங்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேரும் அதையே சொன்னார்கள்.

நான் மறுத்தேன். நான் மின்னியல் படித்தவள். வயரிங்கில் பழுது என்றால் மெயினிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்ப்பேன். வழக்கையும் அப்படித்தான் பார்த்தேன். முதலில் முறைப்பாடு, பிறகு வாக்குமூலம், அதன்பின் நீதிமன்றத்தில் குற்றத்தை வாசித்து, ஏற்கிறாயா மறுக்கிறாயா என்று கேட்பார்கள். மறுத்தால் விசாரணை; சாட்சியை அவர்கள்தான் கொண்டுவர வேண்டும். ஒத்துக்கொண்டால் சாட்சியே வேண்டாம். திருடன் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். வட்டகொடையிலிருந்து நீதிமன்றத்துக்குப் பஸ்ஸில் போகும்போதே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

நீதவான் சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் ஒரே மூச்சில் தமிழில் சொன்னார்.

"குற்றவாளியா, சுற்றவாளியா?"

நீதிமன்றத் தமிழில் சுற்றவாளி என்றால் குற்றமற்றவர். எங்கள் லயத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அப்பாவின் காதில் அது ஊர்சுற்றி என்று விழுந்தது.

"சுத்துறவன் இல்லைங்க ஐயா! ஒருநாளும் காலைப் பெரட்டுல பேர் குடுக்கப் பிந்தினதில்ல."

பின் வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா தன் வாயாலேயே சுற்றவாளி இல்லை என்று சொல்லிவிட்டார். மொழிபெயர்ப்பாளர் நீதவான் பக்கம் திரும்பினார். நான் எழுந்தேன். உட்காரச் சொல்லிப் பொலிஸ்காரர் கையைக் காட்டினார். உட்காரவில்லை.

"ஐயா, அவருக்கு அந்தச் சொல் விளங்கல. மரத்த வெட்டினீங்களான்னு கேளுங்க."

தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும் சொன்னேன். அனுமதியில்லாமல் பேசக்கூடாது என்று நீதவான் என்னைக் கண்டித்தார். ஆனால் அப்படியே கேட்கச் சொன்னார்.

"வெட்டலங்க. விழுந்து கெடந்துச்சு."

சுற்றவாளி என்று பதிந்துகொண்டு, அப்பாவைப் பிணையில் விட்டு, விசாரணைக்குத் திகதி கொடுத்தார்கள்.

நிர்வாகத்தின் சாட்சியான கண்டாக்கையா வெளியே நின்றார்.

"இன்னைக்கே முடிஞ்சிருக்கும். இழுத்து விட்டுட்டியே, பிள்ள."

"முடிஞ்சிருக்கும்ங்க, எங்கப்பா பேரோட சேத்து. அடுத்த தவணைக்கு நீங்களும் வாங்க. மரத்த வெட்டுனத யாரு பாத்தாங்கன்னு சொல்லுங்க."

அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

பஸ்ஸில் அப்பா மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் சுத்துறவன்தானா?"

"ஆமாப்பா. தீர்ப்பு வர்ற வரைக்கும் கோர்ட்டுக்கும் லயத்துக்கும் சுத்தத்தான் போறோம்."

"சுத்துவோம்," என்றார்.