டெய்சி என்று எழுதியவள்

ஐந்து வயதுப் பெண் ஒருத்தியின் பெயரை நான் பறித்தேன். அவளுக்குப் பதினேழு வயதானபோது, பறித்தது நானில்லை என்று ஓர் அதிகாரியின் முன்னால் பொய் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் என்னிடம் படித்தவராகக்கூட இருக்கலாம். விக்கிரமங்கலத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஓர் ஊர். அங்கே ஓடு வேய்ந்த தொடக்கப்பள்ளி. என் பணிக்காலம் முழுவதும் அந்த ஒரே பள்ளியில் கழிந்தது. தங்கமான டீச்சர் என்று ஊரே சொல்லும். ஓய்வு பெற்ற அன்று சந்தன மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் புகழ்ந்தார்கள். நானும் கூசாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மாமியார் வீட்டிலிருந்துதான் பள்ளிக்குப் போய்வந்தேன். ஜூன் மாதச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் சேர்க்கைப் பதிவேடு என் கைக்கு வந்திருந்தது.

அஞ்சலை வந்தாள். காலனிக்காரி, என் மாமியாரின் வயலில் நடவு நடுபவள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

"புள்ள பேரு என்னா?"

"மதுராம்பாளுங்க. சிறுவாச்சூர் ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்தவ."

என் பேனா நின்றுவிட்டது.

மதுராம்பாள் என்பது என் மாமியாரின் பெயர். அவர் பிறந்தது பெரம்பலூர்ப் பக்கம். சிறுவாச்சூர் மதுரகாளியைக் கும்பிடுகிற குடும்பங்களில் தெருவுக்கு நாலு மதுராம்பாள் இருப்பார்கள். அம்மன் எல்லாருக்கும் பொது. அவள் பெயரும் பொது. ஆனால் மருமகள் மாமியாரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ரேஷன் கடையில் குடும்பத் தலைவி பெயரைக் கேட்டால்கூடக் கார்டை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் தினமும் காலையில் அந்தப் பெயரைச் சொல்லி வருகை எடுக்க வேண்டுமே! மதுராம்பாள், வாயை மூடு... மதுராம்பாள், முட்டி போடு... நினைத்தாலே வியர்த்தது.

இதுதான் காரணம் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரியாதையாம்! உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்? எங்கள் தெருவிலிருந்தே இன்னொரு மதுராம்பாள் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? பதிவேட்டில் முழுப் பெயரையும் எழுதிவிட்டு, "மதுரா" என்று சுருக்கிக் கூப்பிட்டிருப்பேன். காலனிப் பிள்ளைக்கு எங்கள் வீட்டுப் பெயரா என்று என்னுள்ளே ஒன்று முகம் சுளித்தது. படித்த பெண், பயிற்சி பெற்ற ஆசிரியை, எல்லாரும் சமம் என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள்... ஆனாலும் சுளித்தது.

மூன்றாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகம் மேசைமேல் திறந்து கிடந்தது. ரிப்பன் கட்டிய ஒரு பெண் பூனைக்குப் பால் ஊற்றும் படம். கீழே டெய்சி என்று போட்டிருந்தது.

"அது ரொம்பப் பழைய பேரால்ல இருக்கு. டெய்சின்னு எழுதட்டுமா? இங்கிலீஷ் பேரு. டவுன்ல எல்லாம் இப்ப இப்புடித்தான் வைக்கறாங்க."

அஞ்சலை மகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நான் என்னத்தக் கண்டேன் டீச்சரம்மா" என்றாள். எழுதட்டுமா என்று கேட்டேனே தவிர, அவள் வாய் திறக்கும் முன்பே எழுதி முடித்திருந்தேன். பாதகம் செய்கிற அவசரத்தில் மதம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். சாதிக் கட்டத்தை மட்டும் மறக்காமல் நிரப்பியிருந்தேன்.

அன்று மாலை மாமியார் கேட்டார். "அஞ்சல மவளப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டியாமே. எம் பேரயில்ல வச்சிருந்தா அவ?"

"பதிவேட்டுல டெய்சின்னு போட்டுட்டேன் அத்தை."

சாப்பிட உட்கார்ந்தபோது என் சோற்றில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழுந்தது. ருசித்துச் சாப்பிட்டேன்.

முதல் வாரம் முழுவதும் அந்தப் பெண் அடி வாங்கினாள். டெய்சி என்று கூப்பிட்டால் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பக்கத்துப் பிள்ளை இடித்தால்தான் எழுந்திருப்பாள். தன்னுடையதல்லாத ஒரு பெயருக்குப் பதில் சொல்லவில்லை என்பதற்காக ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் பிரம்பால் அடித்தேன்! இரண்டாம் வாரம் பழகிக்கொண்டாள். காலனியில் மதுராம்பாள், பள்ளியில் டெய்சி என்று இரண்டு பேராக வளர்ந்தாள்.

நன்றாகப் படித்தாள். குண்டு குண்டான கையெழுத்து. அது நான் கற்றுக்கொடுத்தது. பெரிய வகுப்புகளுக்கு அரியலூருக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். வழியில் என்னைக் கண்டால் நின்று வணக்கம் சொல்வாள். ஒரு நாள், "நானும் ஒங்கள மாரி டீச்சராவப் போறேன் டீச்சரம்மா" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிளஸ் டூ முடித்து ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். மதிப்பெண் போதும், இடம் கிடைத்துவிடும். சாதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

தாலுகா ஆபீசில் மடக்கினார்கள். டெய்சி என்று பெயர். பள்ளிச் சான்றுகளில் மதம் என்ற இடம் காலி. அந்தக் காலனியில் சில குடும்பங்கள் ஏசுவைக் கும்பிட வேதக்கோவிலுக்குப் போகிறவை. அப்படியானால் இவளும் மதம் மாறியவள். மாறியவர்களுக்கு ஆதிதிராவிடர் சான்றிதழ் கிடையாது. அப்படித்தான் சட்டம் இருந்தது. அஞ்சலை அழுது புலம்பியதில், சரி, பள்ளிக்கூடத்திலேயே விசாரிப்போம் என்று ஓர் அதிகாரி கிளம்பி வந்தார்.

என் வகுப்பறையில்தான் விசாரணை நடந்தது. அதிகாரிக்கு நாற்காலி போட்டோம். அஞ்சலை இம்முறை உள்ளே வந்து நின்றாள். மகள் சுவரோரமாக நின்றாள். பழைய பதிவேடு மேசைமேல் விரிந்திருந்தது, என் கையெழுத்தோடு.

"டெய்சிங்கற பேரு யாரும்மா வச்சது?"

"டீச்சரம்மாதாங்க சார் வச்சாங்க. நாங்க வச்சது மதுராம்பாளுங்க."

சொன்னபோது அவள் முகம் தெளிந்திருந்தது. டீச்சரம்மா எதிரிலேயே இருக்கிறார், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்ற தெளிவு. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

ஒரே ஒரு வார்த்தை! ஆனால் பெற்றோர் சொல்லாத பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது ஏன் என்று அடுத்த கேள்வி வரும். மாமியார் பெயர், சொல்ல வாய் கூசியது என்றா சொல்வேன்? அந்த ஆண்டு தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் நான் இருந்தேன். ஒரு மெமோ வந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இத்தனையும் மூச்சு விடும் நேரத்தில் கணக்குப் போட்டேன் என்றால் நம்புவீர்களா? போட்டேன்.

"பெத்தவங்க என்ன சொல்றாங்களோ அதத்தான் எழுதுவோம் சார். நாங்களா எழுதறதில்ல."

அஞ்சலை என்னையே பார்த்தாள். கோபப்படுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அப்படியாவது செய்திருக்கக் கூடாதா...

"அப்ப நாந்தான் சொல்லியிருப்பேன் சார்," என்றாள். "டீச்சரம்மா பொய் சொல்லமாட்டாங்க."

அவள் என்னை நம்பிச் சொன்னாளா, காப்பாற்றச் சொன்னாளா, எங்கள் வயலில் கிடைக்கும் வேலைக்குப் பயந்து சொன்னாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் எங்கள் வயலில் நடவு. அவளும் வந்து குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். நான் வரப்புப் பக்கம் போகவில்லை.

சான்றிதழ் கிடைக்கவில்லை. பயிற்சிப் பள்ளி இடம் வேறு யாருக்கோ போயிற்று. மேலே மனுப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். போடத் தெரிந்த ஒரே ஆள் நான்தான், நான் வாயைத் திறக்கவில்லை. தை பிறந்ததும் அவளைச் செந்துறைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். சுண்ணாம்புக்கல் குவாரியில் புருஷனோடு கல் சுமக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் நான் தலைமையாசிரியை ஆகியிருந்தேன்.

ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு ஜூன் மாதம். அஞ்சலைக்கு உடம்பு முடியாமல் போனதால் மகள் தாய்வீட்டோடு வந்துவிட்டிருந்தாள். என் அறைக்குள் கேட்காமலே நுழைந்தாள். கையில் ஐந்து வயது மகள். விரல்களெல்லாம் வெடித்திருந்தன, நகக்கண்ணில் வெள்ளைத் தூள். மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டை வைத்தாள். அதே குண்டு எழுத்து. பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, ஒன்றும் விடவில்லை.

பெயர் என்ற இடத்தில் மதுராம்பாள் என்று இருந்தது.

"எம் பேரு சும்மாத்தான கெடக்கு டீச்சர். அத இவளுக்கு வச்சுட்டேன்."

டீச்சரம்மா என்பது டீச்சர் ஆகியிருந்தது. நான் பேனாவைத் திறந்தேன். ஒவ்வொரு கட்டமும் நிரம்பும் வரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வாசிச்சுக் காட்டுங்க டீச்சர்."

மாமியார் இறந்து ஒரு வருடமாகியிருந்தது. தடுக்க யாருமில்லை. அறையில் நாங்கள் மூவர்தான். வாய் திறந்தேன்... "சரியாத்தாம்மா எழுதியிருக்கேன்" என்றேன்.

"வாசிச்சுக் காட்டுங்க."

பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் வெறுப்புகூட இல்லை. நான் இப்படித்தான் செய்வேன் என்று தெரிந்து வந்தவள் போலிருந்தாள். பிறகு அந்த வெடித்த விரலை எழுத்தின்மேல் வைத்து மகளுக்கு வாசித்துக் காட்டினாள்.

"மதுராம்பாள். இதாண்டி ஒம் பேரு. வேற என்னா பேரு சொல்லி யாரு கூப்புட்டாலும் திரும்பாத."

அந்தக் குழந்தை ஐந்து ஆண்டுகள் என் பள்ளியில் படித்தது. அதன் வகுப்புக்கு வருகை எடுக்கும் வேலையை மற்ற ஆசிரியைகளுக்கே விட்டுவிட்டேன். எப்போதாவது பேச நேர்ந்தால் "பாப்பா" என்பேன். அது திரும்பாது. அம்மா சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

மன்னிப்புக் கேட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. கேட்பதென்றால் அவளை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பேன்? டெய்சி என்றா?

இந்தத் தாள்களில் அவள் பெயரை எத்தனையோ முறை எழுதிவிட்டேன். எழுதுவது எனக்கு எப்போதும் கைவந்த வேலைதான். இப்போது வீட்டில் யாருமில்லை. ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போமே என்று சற்றுமுன் முயன்றேன். உதடுகள் ஒட்டின... பிரியவில்லை.